டார்ச் லைட்டும் கையுமாக ஆறு மாதம்: ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. இங்கே பெங்களூரு விவேக்நகரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகள் கண் மருத்துவத்தில் எம்.எஸ். சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஓ.பி.யில் டார்ச் லைட்டோடு உட்கார வைக்கிறார்கள். ஒரு ஆபரேஷன்கூடக் கொடுக்கவில்லை என்று அழுகிறாள். இந்தப் படிப்பின் நோக்கம்தான் என்ன டாக்டர்?"

அம்மா, உங்கள் மகளின் அழுகை எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். ரஸ்ஸல் மார்க்கெட் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்கண் வாங்கி வந்து, ராத்திரி பதினோரு மணி வரை தையல் போட்டுப் பழகுவேன். எப்போது மனிதக் கண்ணைத் தொடுவோம் என்று கை துறுதுறுக்கும்.

ஆபரேஷன் வரும். எம்.எஸ். மூன்று வருடப் படிப்பு. கண்புரை அறுவையைப் படிப்படியாகக் கற்றுத்தருவார்கள். மாவட்ட மருத்துவமனையிலும் மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு அந்த டார்ச் லைட்தான் முக்கியம். பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு, "ஆரம்பித்துவிட்டார்" என்று தோன்றும். பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன்.

பயிற்சியில் என் முதல் வருடம். சிவாஜிநகரில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் பெரியவர் ஒருவர் வந்தார். வலது கண்ணில் புரை பால் மாதிரி வெளுத்து முற்றியிருந்தது. மற்றவர்கள் கன்னடத்தில் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். நான் தமிழில் "என்னங்கய்யா பண்ணுது?" என்றதும், வட்டிக்குப் பணம் வாங்கி வைத்திருப்பதாகவும், ஆபரேஷன் முடிந்ததும் பழையபடி வியாபாரம் பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் கேஸில் கூட நிற்கலாமே! கண் பாப்பா, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், விரிய உடனே சொட்டு மருந்து போடப் போனேன்.

எங்கள் மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். "டார்ச் அடித்தாயா?" என்றார். நான் அடிக்கவில்லை. அவரே அடித்துக் காட்டினார். நல்ல கண்ணில் வெளிச்சம் பட்டதும் இரண்டு பாப்பாவும் சுருங்கின. டார்ச்சைப் புரைக் கண்ணுக்கு நகர்த்தினால், சுருங்கியே இருக்க வேண்டிய பாப்பாக்கள் விரிந்தன. புரை எவ்வளவு முற்றினாலும் இப்படி ஆகாது. பின்னால் நரம்போ விழித்திரையோ பெரிதாகக் கெட்டிருந்தால்தான் ஆகும். நான் அவசரப்பட்டுச் சொட்டு மருந்து போட்டிருந்தால், பாப்பா மருந்தில் விரிந்துபோய், இந்த அடையாளமே மறைந்திருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கிளாக்கோமா என்ற நோய் கண் நரம்பைத் தின்றிருந்தது. புரையை எடுத்தாலும் அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பாது.

மேடம் அவரை உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் "கடனைத் திருப்பிக் கொடுத்துடலாம் இல்லே?" என்று கேட்டார். இடது கண்ணிலும் நோய் தொடங்கியிருந்தது. சொட்டு மருந்தால் அதைக் காப்பாற்றி வைத்தோம்.

அதனால் சொல்கிறேன். ஒரு கண்ணில் கத்தி வைத்தால் பார்வை வருமா வராதா என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அதை நோயாளியிடம் அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த டாக்டரை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பின் முதல் நோக்கம். சாமராஜபேட்டை மின்டோ ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை நின்று பாருங்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். இந்த ஊரில் படிக்கும் பிள்ளை நோயாளியின் பேச்சையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று மேடம் அவரிடம் கேட்ட அடுத்த கேள்வி, "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" கிளாக்கோமா குடும்பத்தில் வரும். பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வை மெல்லப் போகும், போனது திரும்பாது. அவருடைய தம்பியை வரவழைத்தோம். அவருக்கும் ஆரம்ப நிலையில் இருந்தது. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சண்டை போட்ட மனிதர் அவர்.

இதைப் பார்க்கிற உங்கள் வீட்டில் அப்பாவுக்கோ, அக்காவுக்கோ, அண்ணனுக்கோ கிளாக்கோமா என்று சொல்லியிருந்தால், நாற்பது வயதுக்குக் காத்திருக்காமல் நீங்களும் போய்க் காட்டுங்கள். கண்ணின் பிரஷரை மட்டும் பார்த்து நார்மல் என்று அனுப்பினால், நரம்பையும் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். பிரஷர் நார்மலாக இருந்தும் நரம்பு கெட்டுப்போன நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.