மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்னும் ஆசிரியர்

வணக்கம் நண்பர்களே. உ.வே.சாமிநாதையரைத் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடும் நம்மில் பலருக்கு, அவரை உருவாக்கிய ஆசிரியரைப் பெயரளவில்தான் தெரியும். 1815இல் பிறந்து 1876இல் மறைந்த திரிசிரபுரம் (திருச்சிராப்பள்ளி) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

கோயில் தலங்களின் பெருமையைச் செய்யுளில் சொல்லும் தலபுராணங்களை 20க்கும் மேல் பாடியவர் அவர். ஆனால், என் மனத்தில் நிற்பது அவர் பாடிய முறை. செய்யுளை மனத்திலேயே அமைத்து அவர் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் அமர்ந்த மாணவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார். ஒரு விருத்தப் பாடல் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணெதிரே காண்பதைவிடச் சிறந்த யாப்புப் பாடம், அதாவது செய்யுள் இலக்கணப் பாடம், வேறு இருக்க முடியுமா?

அவருடைய தமிழ்ப் பற்றுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். இளமையில் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலைக் கற்க விரும்பியபோது, அதை அறிந்தவர் வீடு வீடாகப் பிச்சை ஏற்கும் ஒரு பரதேசி என்று தெரிய வந்தது. பிள்ளையவர்கள் தயங்கவில்லை; அவருக்கு வேண்டியவற்றைச் செய்து, அவர் பின்னாலேயே சென்று பாடம் கேட்டார். அப்படித் தேடிப் பெற்ற கல்வியைத் தாம் கொடுக்கும்போது அவர் எவரையும் விலக்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனம் என்னும் சைவ மடத்தின் வித்துவானான அந்தச் சைவரிடம் இஸ்லாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரும், கிறிஸ்தவரான புதுச்சேரி சவராயலு நாயகரும் பயின்றனர். கடன் நெருக்கியபோதும் மாணவர்களுக்கு உணவளித்துப் பாடம் சொல்வதை அவர் நிறுத்தவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அவருடைய இறுதி நேரத்தில், கிறிஸ்தவ மாணவரான சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மீது சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்க, 1871இல் அவரிடம் வந்து சேர்ந்த சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைப் படித்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பணியைச் சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. தம் ஆசிரியரின் வரலாற்றைச் சாமிநாதையர் இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். பிள்ளையவர்கள் நூல்களைத் தேடி அலைந்த இளமைக்காலம் அதில்தான் இருக்கிறது.