கல்லில் எழுந்த புகை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லச்சுப் படங்களில், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிட்ட படங்களில், நெஞ்சை அள்ளுவது பாய்மரக் கப்பலே என்று எதிரணித் தோழி அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். நீராவிக் கப்பலே என்று நிறுவ வந்திருக்கிறேன்.

அவர் காட்டிய சான்று, 1852இல் நியூயார்க்கில் கல்லச்சுப் பதிப்பாளர் நத்தானியேல் கரியர் வெளியிட்ட 'பிளையிங் கிளவுட்' பாய்மரக் கப்பலின் படம். அழகான படம், மறுக்கவில்லை. நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைச் சுற்றி 89 நாட்களில் சான் பிரான்சிஸ்கோவை எட்டிய கப்பல் அது. அதற்கு வழி கணித்துக் கொடுத்தவர் கேப்டனின் மனைவி எலினோர் கிரீசி. படத்தில் பாய்களுக்கும் கயிறுகளுக்கும் காட்டிய அக்கறையில் ஒரு துளியாவது அந்த அம்மையாருக்குக் கிடைத்ததா? அங்கே கப்பல்தான் எல்லாம். மனிதர்கள் வெறும் புள்ளிகள்.

கரியரின் பெயரை நாடறியச் செய்தது எது? 1840 ஜனவரி 13 இரவு, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் நீரிணையில் 'லெக்சிங்டன்' நீராவிக் கப்பல் தீப்பிடித்தது. தளத்தில் அடுக்கியிருந்த பருத்திப் பொதிகள் பற்றி எரிந்தன. பிழைத்தவர்கள் நால்வர் மட்டுமே. சில நாட்களிலேயே 'நியூயார்க் சன்' நாளிதழுக்காகக் கரியர் அதைப் படமாக்கினார். அதில் கண்ணை இழுப்பது கப்பலின் வடிவழகு அல்ல. தீக்கும் உறைபனி நீருக்கும் நடுவே தவிக்கும் மனிதர்கள்!

துயரத்தை விற்றுக் காசாக்கினார் என்று தோழி குற்றம் சாட்டினார். அந்தப் படத்தை வாங்கியவர்கள் மறுநாள் அதே போன்ற கப்பலில் ஏற வேண்டியவர்கள், அம்மா. புகைப்படத்தை நாளிதழில் அச்சிட வழியில்லாத காலத்தில், நேர்ந்தது என்னவென்று அறிய அவர்களுக்கு உரிமை இல்லையா?

நடுவர் அவர்களே, கலைநுட்பத்தைப் பார்த்தாலும் எங்கள் பக்கமே வலுவானது. சொரசொரப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த மைக்கோலால் வரைகிறார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், கோல் பட்ட இடம் மட்டும் மையைப் பிடிக்கும். மெல்லத் தேய்த்தால் துகள் துகளாகச் சாம்பல் நிறம், அழுத்தினால் கன்னங்கரேல். புகையை வரைய இதைவிடப் பொருத்தமான முறை எது?

1860இல் ஓவியர் ஃபேனி பாமர் வரைந்த மிசிசிப்பி நள்ளிரவுப் பந்தயத்தைப் பாருங்கள். இரண்டு நீராவிப் படகுகள், புகைபோக்கிகளிலிருந்து எழும் கரும்புகை, இருளோடு மல்லுக்கு நிற்கும் நிலவொளி. வெண்பாயை வரையக் கல்லைத் தொடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. இந்த இரவுக்கோ, கல்லின் ஒவ்வொரு துகளும் உழைத்தாக வேண்டும். அந்த உழைப்புக்கு உரிய தீர்ப்பைத் தாருங்கள், நடுவர் அவர்களே!