பொட்டலத்தில் விற்கும் கொக்குப் பூ: சகிசோ ஆர்க்கிட் உண்மையில் எப்படி வளர்கிறது?

[காட்சி: விதைப் பொட்டலம். மேலே, சிறகு விரித்த கொக்கு போல ஒரு வெள்ளைப் பூவின் படம்]

இந்தப் படத்தைப் போட்டு ஆன்லைனில் விதை விற்கிறார்கள். பிரித்தால் உள்ளே கடுகு அளவிலோ எள் அளவிலோ ஏதாவது இருக்கும். அது இந்தப் பூவின் விதையே அல்ல. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி; ஊதினால் பறந்துவிடும். முளை வளர்வதற்கான சேமிப்பு உணவு அதில் கிடையாது. அதற்கேற்ற பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். தொட்டியில் தூவித் தண்ணீர் தெளித்தால் ஒன்றும் வராது.

பூ மட்டும் நிஜம். பெயர் சகிசோ. ஜப்பானிய மொழியில் 'சகி' என்றால் கொக்கு, 'சோ' என்றால் புல். ஜப்பான், கொரியா, சீனாவின் ஈரநிலங்களில் வளர்வது. 'வெண்கொக்குக் கோட்டை' என்று பெயர்பெற்ற கோட்டை உள்ள ஹிமேஜி நகரத்தின் அடையாளப் பூவும் இதுதான்.

[காட்சி: பூ, மிக அருகில்]

அகலம் சுமார் 3 செ.மீ. இரண்டு சிறகு தெரிகிறதா? அவை தனித்தனி இதழ்கள் அல்ல. கீழுதடு என்ற ஒரே இதழின் இரண்டு பக்க மடல்கள். ஓரம் முழுக்கக் கிழித்துவிட்ட நூல் மாதிரி இழைகள். பின்னால் வால் போலத் தொங்குவது தேன் குழல். தேன் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிக்குத்தான் எட்டும்.

அந்த இழைகள் எதற்கு? 2022-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில் இழைகளை வெட்டிப் பார்த்தார்கள். காய் பிடிப்பது குறையவில்லை. காய்க்குள் நல்ல விதைகள்தான் குறைந்தன. பூச்சி தேன் குடிக்கும்போது நடுக்கால்களால் இழைகளைப் பற்றிக்கொள்கிறது. வெறும் அழகுக்கு அல்ல, அது கைப்பிடி!

[காட்சி: வெயில் விழும் சதுப்புப் புல்வெளி]

காட்டில் இது கேட்பது மூன்று: நல்ல வெயில், ஊறிக்கொண்டே இருக்கும் நீர், சத்துக் குறைந்த மண். சதுப்பை வடித்தால் போய்விடும். உயரமான புல் மூடினாலும் போய்விடும். பறித்துப் போவோரும் உண்டு. ஜப்பானின் சிவப்புப் பட்டியலில், அதாவது ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில், இது அழிவு அபாய நிலையை நெருங்கும் இனம்.

[காட்சி: உள்ளங்கையில் பட்டாணி அளவுக் கிழங்குகள்]

வளர்ப்பவர்கள் கிழங்கில் இருந்துதான் வளர்க்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் நடுவது வழக்கம். 15 செ.மீ. அகலத் தொட்டிக்குச் சுமார் 10 கிழங்கு. மண்ணுக்குப் பதில் ஸ்பேக்னம் பாசி, அதாவது நீரைப் பிடித்துவைக்கும் சதுப்புநிலப் பாசி. அதை முந்தின நாளே ஊறவைத்து, பிழிந்து நிரப்புங்கள். கிழங்கின் முளை மேலே பார்க்கட்டும். மேலே 1 முதல் 2 செ.மீ. பாசி போதும். தொட்டியை ஆழமில்லாத நீர்த்தட்டில் வைக்கலாம். ஆனால் கோடையில் அந்த நீர் வெயிலில் சூடாகித் தேங்கினால் வேர் அழுகும். தினமும் மாற்றுங்கள்.

உரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலை நுனி கருகினால் முதலில் உரத்தைச் சந்தேகப்படுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் திரவ உரத்தை 2000 மடங்கு நீரில் கலந்து, எப்போதாவது.

ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். பூ முடிந்ததும் நீரை நிறுத்திவிடாதீர்கள்; அப்போதுதான் மண்ணுக்குள் ஓடும் தண்டுகளின் நுனியில் புதுக் கிழங்கு பருக்கிறது. பழைய கிழங்கு அழிந்துவிடும். அடுத்த ஆண்டு முளைப்பது இந்தப் புதுக் கிழங்குகள்தான்.

குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். செடி செத்ததாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். உறையாமல், காயாமல், 10 டிகிரிக்குக் கீழே சுமார் மூன்று மாதம் உறங்க வேண்டும். சென்னை, மதுரை வெயிலில் இந்த உறக்கம் தானாகக் கிடைக்காது. கிழங்குகளை லேசாக ஈரமான பாசியில் சுற்றி, பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டியிருக்கும்.

[காட்சி: பழைய பாசியை விரல்களால் பிரிப்பது]

மீண்டும் நடும்போது பழைய பாசி வேண்டாம், புதிதாகப் போடுங்கள். பழையதைக் கொட்டும் முன் விரலால் மெதுவாகப் பிரித்துத் தேடுங்கள். கிழங்குகள் தொட்டியின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் முளை ஒடியும்.