முறுமுறுப்புக்குச் செவிகொடுக்கும் சபை

அன்பு நேயர்களே, வணக்கம்.

ஒரு கிறிஸ்தவ சபை நல்ல நிலையில் இருக்கிறதா என்று விசாரித்தால், ஆராதனைக்கு வரும் கூட்டத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் பாடகர் குழுவையும் பற்றித்தான் பெரும்பாலும் பதில் வருகிறது. நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தச் சபையில் மனம் நொந்த ஒருவர் தம் குறையை யாரிடம் போய்ச் சொல்கிறார்? சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

எருசலேமின் முதல் சபையிலேயே குறை எழுந்தது. விதவைகளுக்கு அன்றாடம் உணவு பங்கிட்டார்கள். அதில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அவர்களுடைய ஆட்கள் முறுமுறுத்தார்கள் என்று வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. சபையை நடத்திய இயேசுவின் அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேரும் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சபை முழுவதையும் கூட்டி, நற்சாட்சியும் ஆவியின் நிறைவும் ஞானமும் உள்ள 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுத்தது சபை, கைகளை வைத்து ஏற்படுத்தியது அப்போஸ்தலர்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது. பசித்தவர்களின் ஆட்கள் கையிலேயே சோற்றுக் கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்! நம் ஊர்களில் விதவை உதவிப் பட்டியலைத் தயாரிக்கும் கமிட்டியில் ஒரு விதவையாவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது பணம். சபைகள் உடைவதற்கு உபதேசத்தைவிடக் கணக்கே அதிகம் காரணமாகிறது என்பது என் கணிப்பு. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையை அப்போஸ்தலர் பவுல் தனி ஆளாகக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. தம் உடன் ஊழியரான தீத்துவோடு, சபைகளே நியமித்த ஒரு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். ஒருவரும் குற்றஞ்சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். பவுலுக்கே அந்தக் காவல் தேவைப்பட்டது.

ஆகவே காணிக்கைப் பை, ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரிக்குள் போனதும், ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர், முடிந்தால் மூவர், அங்கேயே எண்ண வேண்டும். 500 ரூபாய்த் தாள் எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தனித்தனியாகப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். மறுநாளே முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து முதலில் ஆட்டோவுக்கும் பூமாலைக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுவதுதான் வழக்கமான சறுக்கல். வரவும் செலவும் கலந்துவிட்டால் எந்தத் தணிக்கையாளராலும் பிரித்துக் காட்ட முடியாது. இன்னொரு சறுக்கல், கட்டட நிதியிலிருந்து சம்பளத்துக்குக் 'கைமாற்று' வாங்குவது. கொடுத்தவர் சுவருக்கென்று கொடுத்தார். அவரைக் கேட்காமல் அது வேறு எதற்கும் போகக் கூடாது. ஆண்டுக் கணக்கைச் சபைக் கூட்டத்தன்று வேகமாக வாசித்து முடிப்பதாலும் பயனில்லை. இரண்டு ஞாயிறு முன்னதாகவே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால்தான் கூச்ச சுபாவமுள்ளவரும் கேள்வியோடு வருவார்.

சச்சரவுக்கு மத்தேயு 18இல் இயேசு மூன்று படி வைத்தார்: முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு போ, அதற்கும் பிறகுதான் சபைக்குச் சொல். நம்மிடம் இது தலைகீழாகிறது. முதலில் வாட்ஸ்அப் குழு, பிறகு மொட்டைக் கடிதம், கடைசியில் நீதிமன்றம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளிடம் ஒருவர் அத்துமீறினால் இந்த முதல் படியைக் காட்டி அந்தப் பிள்ளையையோ தாயையோ 'தனியே போய்ப் பேசு' என்று அனுப்பக் கூடாது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. சபையின் மானம் என்று சொல்லி மூடி மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

பெயர்ப் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்கள்; அவற்றில் ஒன்று குளோரிந்தா என்ற விதவையின் பெயர். பதிவேடு சந்தா வசூலிக்க மட்டும் என்று ஆகிவிட்டால், ஆள் காணாமல் போனாலும் தெரியாது. 120 குடும்பங்கள் இருந்தால் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் இருவரை வையுங்கள். மூன்று ஞாயிறு வராதவர் வீட்டுக்கு நான்காவது ஞாயிறுக்குள் அவர்கள் போகட்டும். இருபது நிமிடம் போதும். 'ஏன் வரவில்லை' என்று தொடங்காமல் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று தொடங்குங்கள். இதை ஆயர் ஒருவர் தலையில் கட்டினால், பணக்காரர் வீடும் உறவினர் வீடும்தான் முந்தும். அதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, நேரம் அவ்வளவுதான்.

கடைசியாக, பந்தி. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள். அப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே, அதாவது திருவிருந்தே அல்ல என்று பவுல் எழுதினார். தென்னிந்தியச் சபைகளில் சாதி பார்த்து உட்காருவதையும், சாதி பார்த்துத் திருவிருந்துக்கு வருவதையும் நிறுத்தச் சொல்லிக் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதினார். அதை ஏற்காமல் பலர் சபையை விட்டே போனார்கள். இன்று சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகையில் எல்லாரும் ஒரே வரிசையில் இலை போட்டுச் சாப்பிடுகிறோம். அது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் கை கழுவிவிட்டுப் போகும் வழியில், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதியும் நடுவே ஒரு சுவரும் இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒரு சுவர் இருந்தால், அதை இடிக்கும் தீர்மானத்தை அடுத்த சபைக் கூட்டத்தில் முதல் பொருளாகவே வையுங்கள்.

நன்றி, வணக்கம்.