12 அடிக்குக் காசு வாங்கினார், விடுவேனா!

வணக்கம் மக்களே! கருத்தரங்கில் மாட்டப்போகும் என் ஆய்வுப் போஸ்டர் வந்துவிட்டது, பின்னால் சுவரில் தொங்குகிறது பாருங்கள். மாடியில் என் ஆகாயத்தாமரைத் தொட்டிகள் நாறுவதை வீடியோ வீடியோவாகப் பார்த்துச் சலித்தவர்களே, இதோ பலன்.

முதலில் காசு விஷயம். இன்னும் மனசு ஆறவில்லை. போஸ்டர் ஏ0 என்ற தாள் அளவு, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர், சதுர அடிக்கணக்கில் 10.76. பேனர் கடை அண்ணன் அசராமல், "மூணுக்கு நாலு, 12 அடியாப் போட்டுக்கலாம்மா" என்கிறார். அடிக்கு 40 ரூபாய். சும்மா கிடக்கும் ஓரத்துக்கு 50 ரூபாயா? பேரம் பேசினேன், மனிதர் மசியவில்லை. சரி, 12 அடிக்குக் காசு என்றால் 12 அடியும் எனக்குத்தானே! பக்கவாட்டில் 7 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சுகிறது. அதில் என் பெயர், மெயில், க்யூஆர் கோடு போட்டு 12 கார்டு அடித்து, அவர் கையாலேயே வெட்டி வாங்கிவிட்டேன். எப்படி!

போஸ்டருக்கு வருகிறேன். எங்கள் துறையில் பாதிப் போஸ்டர்கள் ஆய்வேட்டைக் கிழித்து ஒட்டியது போலத்தான் இருக்கும். அறிமுகமே நாலு பத்தி. கையில் டீயும் சமோசாவுமாகப் போகிறவர் நின்று அதையா படிப்பார்? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் 2019இல் யூடியூபில் ஒரு வழி சொன்னார். நடுவில் கண்டுபிடிப்பு மட்டும் பெரிய எழுத்தில், விவரமெல்லாம் ஓரத்தில், முழுக் கட்டுரைக்கு க்யூஆர் கோடு. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நடுவில் வெறும் எழுத்து என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். வரைபடம் இல்லாமல் எவர் நம்புவார்? அதனால் "தோல் ஆலைக் கழிவுநீரின் குரோமியத்தை ஆகாயத்தாமரை வேரிலேயே பிடித்து வைக்கிறது" என்ற வரி, அதன் கீழே ஒரே ஒரு வரைபடம். செய்முறை இடது ஓரத்தில் மூன்று படங்களாக. கைடு முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார்.

அட, சொல்லாமல் விட்டேனே. பவர்பாயின்டைத் திறந்ததும் முதல் வேலை, ஸ்லைடு அளவை 84.1க்கு 118.9 சென்டிமீட்டராக மாற்றுவது. கடைசியில் மாற்றினால் எல்லாம் இழுபட்டுக் கோணும். வாட்ஸ்அப்பில் வந்த கல்லூரி லோகோவைத் தொடவே தொடாதீர்கள், இந்த அளவில் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்து 24 பாயின்டுக்குக் கீழே போகக் கூடாது. சந்தேகமிருந்தால் ஏ4 தாளில் ஒரு பிரின்ட் எடுங்கள். எல்லாம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியும் கையில் பிடித்துப் படிக்க முடிந்தால் போதும். கடைக்கு பிடிஎஃப்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஃபான்ட் மாறிவிடும்.

பளபளக்கும் ஃப்ளெக்ஸ் எனக்கு ஆகவே ஆகாது. ட்யூப்லைட் அதில் முகம் பார்க்கும், நாம் எழுத்தைத் தேட வேண்டும். மேட் கேளுங்கள்.

கார்டு டிசைன் வேண்டுமென்றால் கமென்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். 7 சென்டிமீட்டர் பட்டைக்குக் கச்சிதமாக உட்காரும்.