செத்துப்போனதாகச் சொல்லி விற்கப்பட்ட பெயர்: ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ்

(திரையில்: பழைய பத்திரிகைப் பக்கம். நடுவில் ஒரு பெண்ணின் புகைப்படம்.)

1910 மார்ச் மாதம். அமெரிக்காவில் சினிமாத் தொழில்காரர்கள் படிக்கிற 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' என்ற வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகிறது. அதன் சாரம் இதுதான்: எங்கள் நடிகை மிஸ் லாரன்ஸ் டிராம் மோதி இறந்துவிட்டதாக செயின்ட் லூயிஸ் நகரத்தில் யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். அது பச்சைப் பொய், எங்களைப் பிடிக்காதவர்கள் செய்த வேலை. அவர் நன்றாக இருக்கிறார், எங்கள் படங்களில் நடித்துக்கொண்டிருக்கிறார்.

விளம்பரம் கொடுத்தது ஐ.எம்.பி. என்ற படக் கம்பெனி. அதன் முதலாளி கார்ல் லேம்லி. இரண்டே வருடத்தில் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கப்போகிற அதே லேம்லி. வதந்தியைக் கிளப்பிவிட்டதும் அவர்தான் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அந்த ரகம்.

அந்த விளம்பரத்தில் டிராமை விட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. அது அந்தப் பெண்ணின் பெயர். ரசிகர்கள் இரண்டு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரின் பெயர் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

எப்படித் தெரியாமல் இருக்கும்? அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

(திரையில்: சிறிய கொட்டகை. வாசலில் கூட்டம்.)

அப்போது சினிமா என்றால் ஒரு ரீல். பத்து, பதினைந்து நிமிடம். ஐந்து சென்ட் கொடுத்தால் கொட்டகைக்குள் போகலாம். படத்தின் தொடக்கத்தில் கம்பெனியின் பெயர் வரும், படத்தின் தலைப்பு வரும், அவ்வளவுதான். நடித்தவர் யார் என்று எங்கேயும் போடமாட்டார்கள். நாடக மேடையிலிருந்து வந்த சில நடிகர்களே தங்கள் பெயர் வெளியே தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்தார்கள், ஏனென்றால் சினிமாவில் நடிப்பது மரியாதைக்குரிய வேலையாக அப்போது இல்லை. முதலாளிகளின் கணக்கு வேறு. பெயர் தெரிந்தால் ரசிகர் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் சம்பளம் கேட்பார்கள். பெயரைச் சொல்லாமல் இருந்தால் செலவு மிச்சம்.

ஃப்ளோரன்ஸ் 1886-ல் கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் பிறந்தவர். அம்மா லோட்டா லாரன்ஸ் சொந்தமாக நாடகக் குழு நடத்தியவர். ஊர் ஊராகப் போகிற குழு. அதனால் இந்தக் குழந்தையும் நடக்கப் பழகியதும் மேடை ஏறிவிட்டது. பாட்டு, ஆட்டம், கூடவே விசில். 'பேபி ஃப்ளோ, அதிசய விசில் குழந்தை' என்று விளம்பரம் செய்தார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், விசில் அடித்துப் பெயர் வாங்கிய பெண், சத்தமே இல்லாத சினிமாவில் போய்ச் சேர்கிறார்.

குழு கலைந்த பிறகு அம்மாவும் மகளும் நியூயார்க்குக்கு வந்தார்கள். 1906 கடைசியில் எடிசன் கம்பெனி எடுத்த டேனியல் பூன் படத்தில் இருவருக்குமே வேடம் கிடைத்தது. குளிர்காலத்தில் வெட்டவெளியில் படப்பிடிப்பு, ஒரு நாளைக்கு 5 டாலர். அப்புறம் வைட்டாகிராஃப் கம்பெனி. அங்கே வாரம் 20 டாலர். குதிரை ஓட்டத் தெரிந்தது அவருக்குப் பெரிய பலம். நடிப்போடு வேலை முடிந்துவிடாது, நடிக்கிற பெண்கள் துணியும் தைத்துக் கொடுக்கவேண்டும்.

1908-ல் பயோகிராஃப். மன்ஹாட்டனில் 14-ஆம் தெருவில், ஒரு பழைய வீட்டை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். இயக்குநர் டேவிட் கிரிஃபித், அப்போதுதான் தொழிலுக்குப் புதிது. வாரம் 25 டாலர் தருகிறோம், நடித்தால் போதும், ஊசி நூல் எடுக்கவேண்டாம் என்றார்கள். அந்த ஒரே வருடத்தில் கிரிஃபித் எடுத்தது சுமார் 60 படங்கள். அதில் பெரும்பாலானவற்றில் ஃப்ளோரன்ஸ் இருக்கிறார். வாரத்துக்கு ஒன்றிரண்டு கதை, ஒரு நாள் ராணி, மறுநாள் வேலைக்காரி. மிஸ்டர் ஜோன்ஸ் என்ற குண்டு மனிதரின் மனைவியாக அவர் நடித்த குடும்பக் காமெடிகள் நன்றாக ஓடின.

மௌனப் படம் என்றதும் கண்ணை உருட்டி, நெஞ்சில் அடித்துக்கொண்டு நடிப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். அவரிடமும் அது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காமெடிகளில் புருஷன் சொல்கிற பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற இடங்கள் எனக்குப் பிடிக்கும். வசனம் இல்லாத குறை தெரியாது.

கம்பெனிக்குக் கடிதங்கள் குவிந்தன. யாருக்கு என்று எழுதுவது? பெயர்தான் தெரியாதே. 'பயோகிராஃப் கேர்ள்' என்று எழுதினார்கள். அந்தப் பெயரில் அவருக்குச் சொந்தமானது 'கேர்ள்' மட்டும்தான், மீதி முதலாளியுடையது. 1909-ல் அவர் போனதும் மேரி பிக்ஃபோர்டு என்ற புதுப் பெண் அங்கே வளர்ந்தார், அதே பட்டம் அப்படியே அவருக்குப் போனது. நாற்காலி அதே நாற்காலி, உட்காருகிறவர்தான் வேறு.

அவர் ஏன் போனார்? இங்கேதான் தொழிலின் உள்விவகாரம் தெரியும். ஃப்ளோரன்ஸும் அவருடைய கணவர் ஹாரி சோல்டரும் எஸ்ஸனே என்ற இன்னொரு கம்பெனிக்கு, எங்களுக்கு வேலை தருவீர்களா என்று கடிதம் போட்டார்கள். எஸ்ஸனே அந்தக் கடிதத்தை நேராக பயோகிராஃபுக்கே தெரியப்படுத்திவிட்டது. காரணம், இரண்டு கம்பெனிகளுமே எடிசன் தலைமையில் 1908-ல் உருவான, சினிமாக் கருவிகளின் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த கூட்டணியில் உறுப்பினர்கள். ஒருவருடைய ஆளை மற்றவர் இழுக்கமாட்டார்கள். விளைவு, இருவருக்கும் வேலை போனது.

கூட்டணிக்கு வெளியே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் லேம்லி. அவருக்குத் தேவைப்பட்டது மக்களுக்குத் தெரிந்த ஒரு முகம். கூட்டணிக்காரர்கள் எதை மறைத்தார்களோ, அதை இவர் வெளியே எடுத்து விற்றார். மார்ச் மாதக் கடைசியில் ஃப்ளோரன்ஸையும் கூட நடித்த கிங் பேகட்டையும் செயின்ட் லூயிஸுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். பாருங்கள், உயிரோடுதான் இருக்கிறார்! ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. அவருடைய கோட்டுப் பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டு போனார்கள் என்று அந்த நாளைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

உலகத்தின் முதல் சினிமா நட்சத்திரம் என்று அவரைச் சொல்வது இதனால்தான். அந்த 'முதல்' கொஞ்சம் தாராளமான வார்த்தை. பிரான்ஸில் மாக்ஸ் லிண்டர் பெயரோடு வளர்ந்துகொண்டிருந்தார். அதே 1910-ல் வைட்டாகிராஃபும் தன் நடிகை ஃப்ளோரன்ஸ் டர்னரின் பெயரை வெளியே சொன்னது. ஆனால் நடிகரின் பெயரே சரக்கு என்று பட்டவர்த்தனமாகக் காட்டியது லாரன்ஸ் விவகாரம்தான்.

(திரையில்: பழைய கார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்.)

1912-ல் லேம்லியின் உதவியோடு கணவனும் மனைவியும் விக்டர் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். நியூ ஜெர்சியில் ஸ்டூடியோ, அவருக்கு வாரம் 500 டாலர். 50 ஏக்கர் பண்ணை வாங்கி ரோஜா வளர்த்தார். கார் பைத்தியமும் பிடித்தது. தானே ஓட்டுவார், தானே பழுதும் பார்ப்பார்.

இணையத்தில் இவரைப் பற்றித் தேடினால் 'காரின் இண்டிகேட்டரைக் கண்டுபிடித்த நடிகை' என்றுதான் முதலில் வரும். இதில் உண்மை உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் காரின் பின்பக்கம் ஒரு கை உயர்ந்து எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று காட்டும். பிரேக்கை மிதித்தால் 'நில்' என்று ஒரு பலகை எழும்பும். விளக்கு கிடையாது, கண் சிமிட்டாது. கை வடிவத்தில் சைகை காட்டும் கருவிக்கு அவருக்கு முன்பே காப்புரிமை வாங்கியவர் உண்டு. இவரோ காப்புரிமை வாங்கவே இல்லை. அம்மா அப்படி விடவில்லை. மின்சாரத்தால் கார்க் கண்ணாடி துடைக்கும் கருவிக்கு, உருளை வைத்த ஒரு அமைப்பு, 1917-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்தும் பெரிதாகக் காசு வரவில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கு நடுவில்தான் அந்த விபத்து. 1914-15 வாக்கில் ஒரு தீக்காட்சி எடுக்கும்போது தீ கைமீறிப் போனது. தீக்காயம், கீழே விழுந்து முதுகெலும்பிலும் அடி. அந்தக் காட்சியைச் செய்யவைத்தது கணவர் என்ற கோபம் அவருக்குத் தீரவில்லை. 1916-ல் திரும்பி வந்து ஒரு முழுநீளப் படத்தில் நடித்தார், அந்த அலைச்சலில் உடம்பு படுத்துவிட்டது, மாதக்கணக்கில் நடக்க முடியவில்லை. 1921-ல் மறுபடி ஒரு முயற்சி. அதற்குள் சினிமா கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. பயோகிராஃப் பட்டத்தில் அவருக்கு அடுத்து உட்கார்ந்த மேரி பிக்ஃபோர்டு, இரண்டு வருடத்துக்கு முன்பே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியின் பங்குதாரர் ஆகியிருந்தார்.

அப்புறம் ஹாலிவுட்டில் ஒப்பனைப் பொருள் கடை நடத்தினார். மூன்று கல்யாணம், எதுவும் நிலைக்கவில்லை. கடைசிக் கணவர் அடிக்கிறவர், ஐந்து மாதத்தில் ஃப்ளோரன்ஸ் அவரை விட்டு விலகிவிட்டார். 1929-ல் அம்மா போனார்.

1936-ல் எம்.ஜி.எம். கம்பெனி பழைய மௌனப்பட நடிகர்கள் சிலருக்கு வாரம் 75 டாலரில் வேலை கொடுத்தது. அதில் இவரும் ஒருவர். கூட்டத்தில் ஒருவராக வந்து போகிற வேடம். இதற்குள் எல்லாப் படத்திலும் நடிகர்களின் பெயர்ப் பட்டியல் வர ஆரம்பித்துவிட்டது, இவர் பெயர் மட்டும் அதில் வராது. 300-க்கு நெருக்கமான படங்களில் நடித்தவர், தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்.

எலும்பு மஜ்ஜை நோய் ஒன்று, தீராத வலி. 1938 டிசம்பர் 28-ஆம் தேதி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 52. டிராம் மோதி இறந்த கதைக்குக் கிடைத்த பரபரப்பு இந்தச் செய்திக்குக் கிடைக்கவில்லை.

(திரையில்: புல்வெளி. தரையோடு பதிந்த ஒரு சிறிய கல்.)

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மேலே கல் வைக்கவில்லை, பெயர் எழுதவில்லை. 1991 வரைக்கும் அப்படியே கிடந்தது. அந்த வருடம் ராடி மெக்டோவல் என்ற நடிகர் தன் செலவில் ஒரு கல் வைக்க ஏற்பாடு செய்தார்.

அதில் ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் என்று பெயர் இருக்கிறது. அதன் கீழே 'பயோகிராஃப் கேர்ள், முதல் சினிமா நட்சத்திரம்'. கம்பெனிப் பட்டம் அங்கேயும் கூடவே வந்துவிட்டது. பிறந்த வருடம் 1890 என்று போட்டிருக்கிறார்கள், நான்கு வருடம் தவறாக.