கடையிலா, அடுப்படியிலா?

(மதுரையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'மளிகைச் செலவு பெரிதும் குறைவது கடையிலா, அடுப்படியிலா?' அடுப்படி அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பிட்டுவிட்டு வந்திருப்பவர்களே, இது முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்ற கவலையோடு உட்கார்ந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கட்சி தாவி வந்தவன். 15 வருஷம் கடைக் கட்சியில் இருந்தேன். எந்தக் கடையில் எண்ணெய் லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு, எங்கே புதன்கிழமை காய்கறிக்குத் தள்ளுபடி, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் கடுகு வாங்கி வரச் சொன்னார்கள். 1,240 ரூபாய் பில்லோடு வந்தேன். என் மனைவி அந்தப் பில்லை மேலிருந்து கீழ்வரை படித்தார். "எல்லாம் இருக்கு, கடுகு எங்கே?" என்றார். அன்றைக்கு மாறினேன் கட்சி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சமையலறை அலமாரியை மொத்தமாகக் காலி செய்து கூடத்தில் பரப்பினோம். சோம்பு மூன்று பாக்கெட், மூன்றும் வாய் பிரித்து ரப்பர் பேண்டு போட்டது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த சேமியா, அந்த இலவசம் பிரிக்கப்படவே இல்லை. ரவையில் வண்டு. பாயசத்துக்கு வாங்கிய ஜவ்வரிசி, எந்தத் தீபாவளிக்கு என்று யாருக்கும் நினைவில்லை. இனி சத்தாகச் சாப்பிடுவது என்று சபதம் போட்டு வாங்கிய ஓட்ஸ், கெடு முடிந்து ஏழு மாதம். ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "அண்ணாச்சி கடையை நம்ம வீட்டுக்கு மாத்திட்டாராடா?" என்று கேட்டார். வீணாய்ப் போனதையும் தேவையில்லாமல் கிடந்ததையும் தனியே எடுத்து வைத்துக் கூட்டினேன். 1,870 ரூபாய். அத்தனையும் நான் மிச்சம் பிடித்து வாங்கியவை ஐயா!

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன், மொத்தமாக வாங்கினால் மலிவு என்றார். 26 கிலோ அரிசி மூட்டையை உதாரணம் காட்டினார். அந்த 26 கிலோவுக்கே ஒரு கதை இருக்கிறது. 2022 ஜூலையில், அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி என்று வந்தது. உடனே மூட்டைக்கு ஒரு கிலோ கூடிவிட்டது! ஆலைக்காரர்களுக்கு இருக்கும் கணக்குப் புத்தியில் கால்வாசி நமக்கு இருந்தால் இந்தப் பட்டிமன்றமே தேவையில்லை.

அந்த மூட்டையை நானும் வாங்குகிறேன், மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாளுக்கு முக்கால் கிலோ அரிசி உலையில் போடுகிறோம். மூட்டை ஏறக்குறைய 35 நாள் வரும். இந்தக் கணக்கைக் கடைக்காரரா சொன்னார்? அரிசிப் பானைக்குள் கிடக்கிற ஆழாக்கு சொன்னது. அதே தைரியத்தில், மலிவாக இருக்கிறதே என்று துவரம்பருப்பை எட்டுக் கிலோ வாங்கினேன். மூன்றாவது மாதம் பருப்பு பாதி, வண்டு பாதி. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டும் என்றால் டப்பாவில் போடுவதற்கு வேண்டாமா?

அண்ணன் உழவர் சந்தையையும் சொன்னார். நல்ல விஷயம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று, நம்ம ஊர் அண்ணாநகரில்தான் திறந்தது. நமக்கெல்லாம் பெருமை. அங்கே விலை குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று நானும் ஒருநாள் முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை என்று மூன்று கட்டு வாங்கி வந்தேன். ஒன்றைக் கடைந்தோம். இரண்டு, செவ்வாய்க்கிழமை மஞ்சளாகிப் புதன்கிழமை குப்பைத் தொட்டிக்குப் போனது. கீரை அழுகும்போது, 'நான் உழவர் சந்தையில் வாங்கிய கீரை, ரெண்டு நாள் பொறுத்து அழுகுகிறேன்' என்று சொல்வதில்லையே! ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்ந்த கணக்குதான். சரி, அதைக் கழித்துவிட்டே பாருங்கள். மீதியில் என் இரண்டு கட்டுக் கீரையும் இருக்கிறது.

அடுத்து வந்த தங்கை, "இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் திட்டம் போட ஏது நேரம்? ஆப்பைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலில் நிற்கிறது" என்றார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம், நானும் தட்டினேன். ஆனால் நடுவர் ஐயா, அந்த ஆப் எப்போது தட்டப்படுகிறது என்று பாருங்கள். காலையிலா? மதியமா? சாயங்காலம் ஏழு மணிக்கு. களைத்துப் போய் வந்து செருப்பைக் கழற்றுகிறோம். உள்ளேயிருந்து ஒரு குரல்: "ராத்திரிக்கு என்ன?" ஒரு குடும்பத்தில் இதைவிடச் செலவு வைக்கிற கேள்வி கிடையாது. பதில் தயாராக இருந்தால் நாலு தோசையோடு முடியும். பதில் இல்லாவிட்டால் 480 ரூபாய்க்கு பரோட்டாவும் சால்னாவும் வரும், கூடவே டெலிவரிக் கட்டணமும் வரும்.

மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நகரத்தில் ஒருவர் செலவு செய்யும் 100 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் சாப்பாட்டுக்குப் போகிறது. அந்த 40க்குள் எதற்கு அதிகம்? அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு 4 ரூபாய்கூட இல்லை. பானங்கள், நொறுக்குத் தீனி, தயாராக வாங்கும் உணவு, இவற்றுக்கு மட்டும் சுமார் 11 ரூபாய். அரிசியில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், பெட்ரோல் நம்முடையது. பணமோ ஏழு மணி ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டையை எந்தக் கடைக்காரர் வந்து அடைப்பார்?

எங்கள் வீட்டில் அடைத்த விதத்தைச் சொல்கிறேன். பெரிய வித்தை இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஏழு நாள், ஏழு வரி. சனிக்கிழமை சந்தைக்குப் போவதற்கு முன் எழுதிவிடுவோம். அதில் ஒரே விதி: யார் முதலில் வாடுவாரோ அவருக்கு முதல் பந்தி. ஞாயிறு கீரை. திங்கள் வெண்டைக்காய், முற்றிப் போவதற்குள். அப்புறம் கத்தரிக்காய், அவரைக்காய். வியாழனுக்குப் பூசணியோ சேனையோ, அவர்கள் பொறுமைசாலிகள். வெள்ளிக்கிழமை காய்கறிக் கூடை காலி, அன்றைக்கு டப்பாவிலிருந்து சுண்டைக்காய் வற்றல் இறங்கும், வற்றக்குழம்பும் சுட்ட அப்பளமும். உண்மையைச் சொன்னால் வாரத்தில் எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிடுவது அந்த வெள்ளிக்கிழமைதான்.

மாவுக்கும் இதே போல ஒரு பயணத் திட்டம் உண்டு. ஒரு கிலோ புழுங்கலரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். ஞாயிறு சாயங்காலம் கிரைண்டரில் ஆட்டினால் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு காணும். திங்கள் காலை பூப்போல இட்லி. செவ்வாய் ராத்திரி தோசை. வியாழனுக்குள் புளிப்பு ஏறிவிடும், அதில் வெங்காயம், பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டால் பணியாரம். புளித்த மாவைக் கொட்டுகிற வீட்டுக்கும் பணியாரம் ஊற்றுகிற வீட்டுக்கும் மாவு ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கும் புழுங்கலரிசியைப் போட்டால், உளுந்துக்கும் கரண்டுக்கும்தான் காசு. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை வாங்காமல் கார்டை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு 'ஆஃபர்' தேடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், நான் யாரையும் பார்க்கவில்லை.

இன்னொன்று. விலை ஏறினால் கடைக் கட்சி என்ன செய்யும்? 2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அப்போது ஊரில் எந்தக் கடையில் போய் மிச்சம் பிடிப்பது? எல்லாக் கடையிலும் தக்காளி தங்கம். என் அம்மா மட்டும் பதறவே இல்லை. ஒருநாள் மோர்க்குழம்பு, ஒருநாள் பருப்புத் துவையலும் மிளகு ரசமும், ஒருநாள் புளிக்குழம்பு, ஒருநாள் எலுமிச்சம்பழ ரசம். எட்டு நாள் ஒரு தக்காளி இல்லாமல் ஓடியது. ஒன்பதாவது நாள் என் பையன், "தக்காளி வாங்கலையா?" என்று கேட்டான். அது வரைக்கும் அவனுக்குத் தெரியவே இல்லை.

எதிரணியில் இன்னொரு நண்பர், "பட்டியல் போட்டுச் சாப்பிட இது வீடா, ஹாஸ்டல் மெஸ்ஸா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹாஸ்டலில் பட்டியலை வார்டன் எழுதுகிறார். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு நாள் சொந்தம். புதன்கிழமை என் மகளுடையது, அவள் நூடுல்ஸ் என்றால் நூடுல்ஸ்தான், அப்பீல் கிடையாது. சனிக்கிழமை ராத்திரியை வெறுமனே விட்டுவிடுவோம். மிச்சம் மீதி தீர்ப்பதற்கு, இல்லாவிட்டால் வெளியே போய்ச் சாப்பிடுவதற்கு. பரோட்டாவுக்கு நான் விரோதி இல்லை ஐயா, மதுரைக்காரன்.

தங்கை நேரத்தைப் பற்றிக் கேட்டாரே, அதில் ஒரு வலி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. திட்டம் போடு, திட்டம் போடு என்று மேடையில் சொல்லிவிட்டு, அந்தச் சுமையையும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே ஏற்றினால் அது அநியாயம். அதனால்தான் எங்கள் வீட்டில் காலண்டர் தாளை எழுதுவது நான். அலமாரியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்து, இல்லாததை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதும் நான். சனிக்கிழமை இருபது நிமிஷம் ஆகிறது. காய்கறிக்கு வாரம் 600 ரூபாய், ரொக்கமாக, பழைய அஞ்சறைப் பெட்டியில். போனில் ஸ்கேன் செய்து கொடுத்தால் பணம் போவது கண்ணில் படுவதில்லை. பெட்டியில் கடைசி ஐம்பது ரூபாய் நோட்டு கிடந்தால் காலிஃபிளவர் தானாகவே முட்டைக்கோஸ் ஆகிவிடுகிறது.

எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். மளிகை, காய்கறி, வெளிச்சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாய் போனது எங்களுக்கு. இப்போது 10,500க்குள் நிற்கிறது. பால் கணக்கு தனி, அதை யாராலும் குறைக்க முடியவில்லை, எங்கள் வீட்டுக் காபி அப்படி. எதிரணிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிராமுக்கு, கிலோவுக்கு என்ன விலை என்பதை இப்போது பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்து வாங்குவதில் பத்து, இருபது மிச்சமாகத்தான் செய்கிறது. அந்தப் பத்து இருபதைக் கடைக்குக் கொடுத்துவிடலாம் ஐயா, மூவாயிரத்து ஐந்நூறில்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எனக்கும் நேரமில்லை. நாளை ராத்திரி சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குருமாவும் என்று காலண்டரில் எழுதியிருக்கிறது. இன்றைக்குப் படுப்பதற்கு முன் கடலையை ஊறப் போட வேண்டும். மறந்து தொலைத்தால், நாளை சாயங்காலம் ஏழு மணிக்கு நானே எதிரணிப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பேன். வருகிறேன், வணக்கம்.